மயிலம்மாவின் தலையிடி

துஷாந்தினியின் வாய்க்குப் பயப்படாத ஆள் வெள்ளவத்தையிலேயே இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. அவள் குடியிருக்கும் ஹம்டன் ஒழுங்கையில் இல்லை என்று துணிந்து சொல்லலாம். காலி வீதியில் புவாத் முதலாளியின் கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக முன்மேசையில் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, வடிவாக இருக்கிறதா என்று கேட்கிறவர்களிடம், இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடுவாள். "உங்கட முகத்துக்கு உது ஆந்தை மாதிரி இருக்குது, கழட்டுங்கோ." சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலும் இதே பதில்தான். ஆரம்பத்தில் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று முதலாளி பயந்தார். பிறகு பார்த்தால் தெஹிவளையிலிருந்தும் நுகேகொடையிலிருந்தும் ஆட்கள் அவளைத் தேடியே வந்தார்கள். பொய் சொல்லாத ஒரு மனுஷி கடையில் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது என்று புவாத் முதலாளி விளங்கிக்கொண்டார்.

ஐம்பத்துமூன்று வயதுவரைக்கும் தன்னை ஒருவரும் ஏமாற்றியதில்லை என்பது அவளுடைய பெருமை. "என்னை ஏய்க்கிறதெண்டால் இன்னொருக்காப் பிறந்துதான் வரவேணும்" என்பாள். அதைச் சொல்லும்போது தலை தானாக நிமிரும்.

இப்பேர்ப்பட்டவளிடம் ஒரு சோகக் கதையும் இருந்தது. ஐந்து நிமிஷம் கூட இருந்து கதைத்தால் அது வெளியே வந்துவிடும். கடைக்கு வந்தவர் தன்னுடைய மகள் வயலின் பழகுவதாக வாய்தவறிச் சொன்னால் போதும், கண்ணாடியைத் துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவாள். "நானும் வாசிச்சனான். நல்லா வாசிச்சனான். கலியாணம் முடிச்சன், எல்லாம் முடிஞ்சுது. மாமி விட்டால்தானே." கூட வேலை செய்யும் அஸீஸாவுக்கு அந்தக் கதை வரிக்கு வரி மனப்பாடம்.

துஷாந்தினி பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால். தகப்பன் சின்னராசா துறைமுகத்தில் கிளாக்கர். தாய் நோயில் போனபோது துஷாந்தினிக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. சின்னராசா மறுமணம் செய்யவில்லை. பிள்ளைகளின் முகம் வாடினால் அந்த மனிதருக்குத் தொண்டைக்குள் சோறு இறங்காது. எட்டு வயதில் மகள் வயலின் கேட்டாள். அடுத்த சனிக்கிழமையே புறக்கோட்டையில் வாங்கிவந்து மடியில் வைத்தார். பதினாறு வருஷம் பழகினாள். சங்கீதப் பரீட்சைகளை ஒன்றும் விடாமல் எடுத்தாள். எழுத்துப் பரீட்சையில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். செய்முறையில் மட்டும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று நொண்டியது. பரீட்சகர்களுக்குக் கொழும்புப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது என்று அதற்கொரு காரணம் அவளிடம் தயாராக இருந்தது. நவராத்திரிக்குக் கோவில் மேடையில் தனியாக வாசித்தாள், சபை கைதட்டியது. இனி வானொலிக்கு எழுதிப்போட வேண்டியதுதான் என்று இருந்த நேரத்தில் கலியாணம் பேசி வந்தது.

மாப்பிள்ளை யோகராஜ். வெள்ளவத்தை, காப்புறுதிக் கொம்பனியில் உத்தியோகம், ஒரே மகன். தாய் மயிலம்மா விதவை. நவராத்திரி முடிந்த அடுத்த மாதம் பெண் பார்க்க வந்தார்கள், தையில் கலியாணம். வயலினையும் தூக்கிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் பின்னேரம் பாயை விரித்து, காலை மடித்து இருந்து, நரம்புகளை முறுக்கிச் சுருதி சேர்த்து வில்லைப் போட்டாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. மயிலம்மா நெற்றியைச் சுற்றி ஈரத் துவாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து அறை வாசலில் நின்றார்.

"பிள்ளை, எனக்குத் தலை இடிக்குது. கொஞ்சம் நிப்பாட்டுறீரோ?"

பாவம், வயது போன மனுஷி என்று நிறுத்தினாள். அடுத்த நாளும் துவாய் வந்தது. அதற்கடுத்த நாள் வில்லைக் கையில் எடுக்கவே வந்துவிட்டது. காலையில் வாசித்தாலும் தலையிடி, கதவைச் சாத்திவிட்டு வாசித்தாலும் தலையிடி. டொக்டரிடம் போவோமா என்று கேட்டால், இது மருந்துக்குக் கேட்காத தலையிடி என்பார். வயலினைப் பெட்டியில் வைத்து அரை மணித்தியாலத்தில் அதே மனுஷி குசினிக்குள் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். துஷாந்தினி இரண்டு மாதம் பொறுத்தாள். மூன்றாம் மாதம் வயலின் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "உங்கட அம்மாவுக்குப் பொறாமை, வேற ஒண்டுமில்லை" என்றாள். யோகராஜ் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தகப்பனிடம் சொல்லி அழுதாள். சின்னராசாவும் பக்கத்தில் இருந்து கண்ணைத் துடைத்தார். சில பேருடைய குணம் அப்படித்தான், நீதான் பெரிய மனசு பண்ணிப் போகவேணும் என்று தலையைத் தடவிவிட்டார். அப்பாவாவது என் பக்கம் நிற்கிறாரே என்ற ஆறுதலோடு வெள்ளவத்தைக்குத் திரும்பினாள்.

பிறகு பதினைந்து வருஷம் அந்த வீட்டில் சண்டை நடந்தது. ஒருத்தி மட்டும் போட்ட சண்டை. மாமியாருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள், உடுப்புத் தோய்த்துப் போட்டாள். நாலு சொல் ஆறுதலாகக் கதைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "அப்பம்மாட்டைப் போய்ச் சொல்லு" என்று மகளை அனுப்புவாள். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சொந்தக்காரர் கூடியிருக்கும் இடத்தில், மயிலம்மாவின் காதில் விழும்படியாகவே, என்னுடைய கையை முறித்துப்போட்டவர் இவர்தான் என்பாள். சனம் மயிலம்மாவை ஒரு மாதிரிப் பார்க்கும். அவர் வெற்றிலைத் தட்டை இழுத்துவைத்துப் பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஈரலில் வருத்தம் வந்து, ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். துஷாந்தினி செத்த வீட்டை ஒரு குறையும் இல்லாமல் நடத்தினாள். அழவில்லை. அழாததையும் நாலு பேரிடம் சொன்னாள்.

இனி என்ன தடை, எடுத்து வாசியுங்களேன் என்று சிலர் கேட்டார்கள். விரல் விறைத்துப்போச்சு என்று சொல்லிவிட்டாள். உள்ளதைச் சொன்னால், அந்தப் பெட்டி அலுமாரிக்கு மேலே கிடக்கும்வரைதான் அவளுடைய கதைக்கு மதிப்பு. இறக்கி வாசித்துவிட்டால் பிறகு மாமியாரை எதற்காகப் பேசுவது?

இந்த வருஷம் மகள் படிக்க மெல்பேர்னுக்குப் போனாள். வீடு வெறிச்சோடிவிட்டது. கடையில் கதை இன்னும் கூடியது. ஒரு நாள் அஸீஸாவுக்கே பொறுமை போய்விட்டது. "எத்தன வருஷமா இதயே சொல்றீங்க தங்கச்சி. அவங்க மௌத்தாகிப் பதிமூணு வருஷம். ஏலுமெண்டா எடுத்து வாசிங்க, ஏலாட்டி உட்டுருங்க" என்றாள். அஸீஸாவைத் தவிர வேறு யாரும் அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பியிருக்க முடியாது. துஷாந்தினிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே கதிரை போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள்.

நரம்புகள் துருப்பிடித்து அறுந்து கிடந்தன. வில்லின் மயிரைப் பூச்சி தின்றிருந்தது. புறக்கோட்டைக்குக் கொண்டுபோய் எல்லாம் புதிதாகப் போட்டுவந்தாள். சுருதிப் பெட்டிக்குப் பதிலாகப் போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு பாயை விரித்தாள். முழங்கால் மடியமாட்டேன் என்றது. கழுத்து உளைந்தது. ஆனால் வில்லும் நரம்பும் முட்டிய அந்த முதல் சத்தத்துக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். நாலு கிழமை விடாமல் வாசித்தாள். ஏதோ ஒன்று பிசகிக்கொண்டே இருந்தது. புது நரம்பு இழுபடுகிறது என்றாள். கடற்காற்று ஈரம் என்றாள். விட்ட கை, வர நாள் எடுக்கும் என்றாள். அவள் பாயை விரிக்கிற நேரம் பார்த்து யோகராஜ் பேக்கரிக்குப் பாண் வாங்கப் புறப்பட்டுவிடுவார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மேசை நிறையப் பாண் கிடந்தது. அதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

நாலாம் கிழமை, வயலினோடு ஒரு படம் எடுத்துச் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் போட்டாள். "மாமி பறித்ததை நான் திருப்பி எடுத்துவிட்டேன்" என்று கீழே எழுதினாள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இதயங்கள் வந்து குவிந்தன. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒருத்திக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன்னிடம் பழைய கசெட் ஒன்று கிடப்பதாகவும், அது துஷாந்தினி கோவிலில் நவராத்திரிக்கு வாசித்ததென்றும், மகனிடம் கொடுத்துக் கொம்பியூட்டரில் ஏற்றி அனுப்புவதாகவும் எழுதினாள். சொன்னபடி அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது. நாற்பத்தொரு நிமிஷம். ஒரு நிமிஷத்துக்குள்ளேயே குழுவில் பதினேழு பேர் இதயம் போட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்க முடியாது என்று கணக்குப் பார்க்க அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கட்டிலில் சாய்ந்து இயர்போனை மாட்டினாள். யாரோ மைக்கைத் தட்டினார்கள். செல்வி துஷாந்தினி சின்னராசா வயலின் வாசிப்பார் என்று அறிவித்தார்கள். தம்பூரா மீட்டத் தொடங்கியது. வில் விழுந்தது. துஷாந்தினி எழும்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது வேறு யாரோ பிள்ளை வாசிப்பது, மச்சாள் கசெட்டை மாற்றி அனுப்பிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

இத்தனை வருஷமும் அவள் வாசிக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தாள். சமைக்கும்போது, உடுப்பு மடிக்கும்போது, மார்கழிக் கச்சேரிகள் போனில் வந்த நாளிலிருந்து தினமும். விரல் வளராமல் நின்றுவிட்டது, காது வளர்ந்துவிட்டது. அந்தக் காதால் இப்போது இருபத்துநாலு வயதுத் துஷாந்தினியைக் கேட்டாள். தம்பூரா ஓரிடத்தில் நின்றது. வயலின் அதற்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. கல்யாணி வாசிக்கிறாள். காந்தாரம் கீழே. நிஷாதம் கீழே. மேல் சட்சத்துக்கு ஏறிப் போனவள் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்துவிட்டதாக நினைத்து அங்கேயே நின்று நீட்டி இழுத்தாள். கசெட் பழசு, ரேப் இழுபட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ரேப் இழுபட்டால் தம்பூராவும் கூடவே இழுபட வேண்டாமா? அது ஆடாமல் அசையாமல் நின்றது. நாலு கிழமையாகப் பிசகிக்கொண்டிருந்தது எது என்று இப்போது தெரிந்தது. கடற்காற்றும் இல்லை, புது நரம்பும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, கேட்டாள். பன்னிரண்டாம் நிமிஷத்தில் வேறு ஒரு சத்தம் வந்தது. ரெக்கோடரை மண்டபத்தின் பின்பக்கம் ஸ்பீக்கருக்குக் கீழே வைத்திருந்தார்கள் போலும்; பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சும் அதில் விழுந்திருந்தது. இரண்டு இளம் பெட்டைகள் களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தி மூக்கால் இழுத்து, வயலின் இழுத்ததைப் போலவே செய்து காட்டினாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுகூடக் கேட்டது. அதன்மேல் ஒரு வயதான பெண் குரல், தாழ்த்தி, கண்டிப்பாக வந்தது.

"சிரியாதையுங்கோ பிள்ளையள். அந்தப் பிள்ளை மனசு வைச்சு வாசிக்குது."

துஷாந்தினி பேயடித்தது மாதிரி இருந்துவிட்டாள். அந்தக் குரலைத் தெரியாமல் போகுமா? பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் கேட்ட குரல். மயிலம்மா அந்தக் கோவிலில் எப்படி? அடுத்த மாதம் வீட்டுக்கு வந்துதானே அவர்கள் பெண் பார்த்தார்கள். பலகாரத் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பியது அப்பாதானே. திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் போட்டுக் கேட்டாள். ஐந்தாறு தரம் கேட்டிருப்பாள். மயிலம்மாவேதான்.

மிச்சத்தையும் கேட்டாள். கச்சேரி முடிந்து கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எவ்வளவு சின்னது என்பதும் இப்போதுதான் காதில் பட்டது. கதிரைகள் இழுபட்டன. ரெக்கோடரை யாரும் நிறுத்தவில்லை. அதற்கு மிகக் கிட்டத்தில் சின்னராசாவின் குரல் கேட்டது. பிள்ளையைப் பார்த்தீர்கள்தானே என்று கேட்டார். பார்த்தோம், பிள்ளை வடிவு, எங்களுக்குச் சம்மதம் என்றார் மயிலம்மா. பிறகு அப்பாவின் குரல் தணிந்தது. "உங்களிட்டை ஒரு உதவி கேக்கவேணும். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை." அத்தோடு டக்கென்று நின்றுவிட்டது. கசெட் முடிந்துவிட்டது.

யோகராஜ் சாப்பாட்டு மேசையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். துஷாந்தினி போனைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்துக் கடைசி ஒரு நிமிஷத்தைச் சத்தமாகப் போட்டாள். தாயின் குரல் வந்ததும் அந்த மனிதர் பேப்பரைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். எதற்கும் வாய் திறக்காமல் இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதர், இன்றைக்கு அது சரிவராது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"அப்பா என்ன உதவி கேட்டவர்?" என்றாள்.

யோகராஜ் மெல்ல மெல்லச் சொன்னார். பெண் வீட்டில் போய்ப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் பிள்ளை மனம் நொந்துபோகும், முதலில் கோவிலில் வந்து தெரியாமல் பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஏற்பாடு செய்தவரே சின்னராசாதான். பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு தாயையும் மகனையும் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்கு வயலின் வராது, பதினாறு வருஷமாக எனக்குத் தெரியும் என்றார். பதினொரு வயதில் ரீச்சர் ஒருக்கால் சுருதி நிக்கவில்லை என்று சொன்னதற்கு இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவள் என்றார். ரீச்சரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இனிமேல் ஒரு குறையும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் சொன்னார். இப்போது வானொலிக்கு எழுதிப்போடப் போகிறாள், அவர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்பார்கள், பிள்ளை உடைந்துபோவாள் என்றார்.

"அதுக்கு?"

"அதுக்கு, நீங்கள் நிப்பாட்டுங்கோ எண்டு அம்மாட்டைக் கேட்டவர். தகப்பன் சொன்னால் பிள்ளைக்கு மனம் உடைஞ்சுபோம், மாமியார் சொன்னால் கோவம்தான் வரும், கோவம் ஒருத்தரையும் சாக்கொல்லாது எண்டவர்."

மாமிக்குத் தலையிடி என்று அவள் கேட்கத் தொடங்க முதலே யோகராஜ் தலையை ஆட்டினார்.

"அம்மாவுக்கு ஒரு நாளும் தலையிடி வந்ததில்லை."

தெரிந்துகொண்டே ஏன் சொல்லவில்லை, நானும் ஒரு மனுஷிதானே, இவ்வளவு காலமும் அவரை நாய் மாதிரிப் பேசினேனே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கத்தினாள். தன்னுடைய தலையில் என் கையை வைத்து அம்மா சத்தியம் வாங்கினவர் என்றார் யோகராஜ். கொஞ்சம் விட்டு, "உம்மட வாய்க்கும் பயம்" என்றார்.

அன்று முழுவதும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து முகத்தில் அறைந்தது. பாக்கு வெட்டிய கை வந்தது. செத்த வீட்டில் அழாமல் நின்றதை ஊரெல்லாம் சொன்னது வந்தது. எல்லாவற்றிலும் மோசம் ஆஸ்பத்திரி. கடைசிக் கிழமையில் ஒரு நாள் கஞ்சி கொடுத்துவிட்டு எழும்பியவளின் கையைப் பிடித்து, "இனி எனக்குத் தலையிடி வராது பிள்ளை. விருப்பமெண்டால் எடுத்து வாசியும்" என்றார் மயிலம்மா. அதற்கு அவள் சொன்னது, "இனி என்னத்துக்கு? உங்கட ஆசைதான் நிறைவேறிட்டுதே" என்று. மயிலம்மா கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த மனுஷி அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லையே. ஒரு வார்த்தை, உன்னுடைய கொப்பர்தான் கேட்டவர் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. என்ன மனுஷி! துஷாந்தினிக்கு அப்பாவை நினைக்க வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிய வயலினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கூட வருவதா என்று யோகராஜ் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டாள். சின்னராசாவுக்கு இப்போது எண்பத்தாறு. கொட்டாஞ்சேனையில் தம்பி குடும்பத்தோடு மூன்றாம் மாடியில் இருக்கிறார். தம்பியும் மனைவியும் சந்தைக்குப் போயிருந்தார்கள். கிழவர் சாரத்தோடு முன்னறைச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மகளையும் வயலினையும் கண்டு முகமெல்லாம் வாயாகிவிட்டது.

"தம்பி படம் காட்டினவன், நீ திரும்ப வாசிக்கிறாயாம். எவ்வளவு சந்தோசம் தெரியுமோ பிள்ளை. உன்ரை மாமி உயிரோடை இருந்தால் விட்டிருப்பாவே?"

துஷாந்தினி அப்படியே நின்றாள். கசெட்டைக் கேட்டபோதும், புருஷன் சொன்னபோதும் இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. செத்துப் பதிமூன்று வருஷமான ஒருத்தியின் தலையில், கேட்காமலே, சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு பிடி மண்ணைப் போடுகிறாரே. இதைச் சொல்வதற்கு அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லையே. பஸ்ஸில் வரும்போது சேர்த்துவைத்திருந்த பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நிலத்தில் இருந்தாள், பெட்டியைத் திறந்தாள், சுருதியைப் போட்டாள், கல்யாணியை வாசித்தாள். ஏழெட்டு நிமிஷம் வாசித்தாள். சின்னராசா கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டார். முடிந்ததும் அருமை என்றார், அப்படியே அந்த நாளில் வாசித்தது மாதிரி இருக்கிறது என்றார்.

"நான் ரேப்பைக் கேட்டனான் அப்பா. கோவிலில வாசிச்ச ரேப். கடைசி மட்டும் கேட்டனான். நீங்கள் மாமியிட்டை உதவி கேட்டதும் அதில இருக்குது."

தலையாட்டல் நின்றது. கிழவர் கண்ணைத் திறந்தார், மகளைப் பார்க்கவில்லை. சாரத்தின் கரையை இழுத்து இழுத்து முழங்காலில் சரிசெய்தார். துஷாந்தினி விடவில்லை, பார்த்தபடியே இருந்தாள்.

"நீ அழுதால் எனக்குத் தாங்க ஏலாது பிள்ளை," என்றார் கடைசியில். "அந்த மனுசி தாங்குவா எண்டு நினைச்சன்."

"தாங்கினவ. சாகுமட்டும் தாங்கினவ. நீங்கள் என்னோடை இருந்து அழுதனீங்கள்." சொல்லிவிட்டு வில்லைத் திரும்பக் கையில் எடுத்தாள். "இப்ப சொல்லுங்கோ. நான் வாசிச்சது எப்பிடி?"

வேண்டாம் பிள்ளை என்பது போலச் சின்னராசா கையை அசைத்தார். அவள் வில்லைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"காந்தாரம் நிக்கேல்லைப் பிள்ளை," என்றார். "ஒரு நாளும் நிண்டதில்லை."

துஷாந்தினி அழுகைக்குக் காத்திருந்தாள். இரண்டு குடும்பமும் பயந்துபோய் மறைத்த அந்த உடைவு இப்போது வரும் என்று நினைத்தாள். நொந்தது. பல்லுப் பிடுங்கினால் நோகிற அளவுக்கு நொந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. இருபத்துநாலு வயதிலும் இவ்வளவுதான் நொந்திருக்கும் என்று தோன்றியபோது அவள் வில்லைக் கீழே வைத்தாள்.

அழுதவர் சின்னராசாதான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தோள் குலுங்க அழுதார். துஷாந்தினி எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை, தோளைத் தடவவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.